பழைய பிரவுசரும் நம் வாடிக்கையாளரும்

நம் சங்கத்து மொத்த வியாபாரிகளில் சிலர் இப்போது சொந்தமாக இணையதளம் வைத்து, சில்லறைக் கடைக்காரர்களிடம் அதன் வழியே ஆர்டர் எடுத்து வருகிறார்கள். அன்றைய விலை, கையிருப்பு, பாக்கித் தொகை எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான். எங்கள் மண்டியிலும் நான்கு வருடமாக இப்படி நடக்கிறது. இந்தத் தளங்களைப் பராமரிக்கும் கம்ப்யூட்டர்காரர்கள் அண்மைக் காலமாக ஒரு யோசனை சொல்கிறார்கள். "பழைய பிரவுசரில் வருகிறவர்களை இனி உள்ளே விட வேண்டாம், நிறுத்திவிடலாம்" என்பதே அது. இதைப் பற்றி என் கருத்தை உறுப்பினர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் பிரவுசர் என்றால் எது என்று ஒரு வார்த்தை. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ இணையதளத்தைத் திறந்து காட்டுகிற மென்பொருள்தான் பிரவுசர். குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், ஆப்பிள் போனில் சபாரி ஆகியவை இன்று புழக்கத்தில் உள்ளவை. ஒரு காலத்தில் நீல நிற 'இ' படத்தோடு எல்லாக் கம்ப்யூட்டரிலும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் இருந்தது. நம்மில் பலர் அந்தப் படத்தையே "இன்டர்நெட்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். அதை 2022 ஜூன் 15-ல் மைக்ரோசாப்ட் நிறுவனமே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. தென் கொரியாவில் கியோங்ஜு நகரில் ஒரு பொறியாளர் அதற்குக் கல்லறைக் கல்லே நட்டு வைத்தார். மற்ற பிரவுசர்களை இறக்கிக்கொள்ள உதவிய நல்ல கருவி என்று கேலியாக அதில் பொறித்திருந்தார். அந்த நாட்டு வியாபாரிகள் இந்த எக்ஸ்ப்ளோரரால் பட்ட பாடு கேலிக்குரியதல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

பிரவுசரை ஏன் மாற்ற வேண்டும்? "ஓடுகிற வண்டியை ஏன் மாற்றணும் அண்ணாச்சி?" என்று கேட்கிற கடைக்காரர்கள் நிறைய. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் பிரவுசருக்குள் ஒரு பூட்டு வேலை நடக்கிறது. நாம் பாங்கின் தளத்தைத் திறக்கும்போது, நம் பிரவுசர் தனக்குத் தெரிந்த பூட்டு வகைகளைச் சொல்லும். தளம் அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். அதன் பிறகே நம் பாஸ்வேர்டும் பணமும் அந்தப் பூட்டுக்குள் பயணம் போகும். டி.எல்.எஸ். என்று இதற்குப் பெயர். இதில் 1.0, 1.1 என்ற பழைய பூட்டுகளைத் திறக்க வழி இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கார்டுப் பணப் பரிமாற்றத்துக்கு விதி வகுக்கும் பி.சி.ஐ. அமைப்பு, 1.0-ஐ 2018 ஜூன் 30-க்குள் விட்டுவிடச் சொன்னது. 2020-ல் குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் எல்லாமே அந்த இரண்டையும் கைவிட்டன. நம் பிரவுசருக்குத் தெரிந்ததெல்லாம் பழைய பூட்டு மட்டும் என்றால், பாங்கின் தளம் பேச்சை ஆரம்பத்திலேயே முறித்துக்கொள்ளும். திரையில் ஆங்கிலத்தில் ஏதோ ஒரு வரி வரும். நாம் "நெட் சரியில்லை" என்று போன் கம்பெனியைத் திட்டுவோம்.

இன்னொரு வகை உண்டு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு சான்றிதழ் இருக்கிறது. எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை போடுகிறார்கள் அல்லவா, அது போல. சான்றிதழில் ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்கும். அந்தச் சான்றிதழுக்கும் மேலே ஒரு மூலச் சான்றிதழ் உண்டு. அது நம் கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே இருந்தாக வேண்டும். 2021 செப்டம்பர் 30-ல் உலகில் எத்தனையோ சிறு தளங்கள் நம்பியிருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதி ஆனது. புதுப்பிக்காத பழைய கம்ப்யூட்டர்களிலும் பழைய போன்களிலும் அன்று பல தளங்கள் திறக்கவில்லை. தளத்தில் குறை எதுவும் இல்லை.

எங்களிடம் பருப்பும் வத்தலும் எடுக்கிற ஒரு கடைக்காரர், பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் கடை வைத்திருப்பவர், ஒரு மாதம் 20-ம் தேதி மாலை போன் செய்தார். 3-பி தாக்கல் செய்யக் கடைசி நாள். "எந்தப் பக்கமும் திறக்க மாட்டேங்குது அண்ணாச்சி, உங்க ஆர்டர் பக்கமும் திறக்கலை" என்றார். என் மகன் போனிலேயே ஒவ்வொன்றாகக் கேட்டான். கடைசியில் பார்த்தால் கம்ப்யூட்டரின் தேதி 2009 ஜனவரி என்று காட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இருக்கும் காசு அளவு பாட்டரி தீர்ந்து போனால் தேதி இப்படிப் பின்னுக்குப் போகும். 2009-ல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவுமே இன்னும் பிறக்கவில்லை! தேதியைச் சரி செய்ததும் எல்லாம் திறந்தது. பிரவுசரை மாற்றுவதற்கு முன்னால் எல்லோரும் முதலில் திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பழைய பிரவுசரில் ஆபத்தும் உண்டு. 2010 ஜனவரியில் கூகுள் நிறுவனமே தன் கணினிகளுக்குள் வெளியார் புகுந்ததாக அறிவித்தது. மற்ற பெரிய நிறுவனங்களும் அதே தாக்குதலுக்கு ஆளாயின. எக்ஸ்ப்ளோரரில் இருந்த ஓர் ஓட்டைதான் வழி என்று தெரிந்தது. ஜெர்மனி, பிரான்ஸ் அரசுகள் அப்போது தம் மக்களுக்கு வேறு பிரவுசருக்கு மாறும்படி யோசனை சொல்லின. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதி. நம் கடையின் நடப்புக் கணக்கு பாஸ்வேர்டு எம்மாத்திரம்?

ஆகவே மாற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மாறச் சொல்வது எப்படி என்பதில்தான் கம்ப்யூட்டர்காரர்களோடு எனக்கு வழக்கு.

இந்த விஷயத்தில் உலகத்தில் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று என் மகன் சேகரித்துக் கொடுத்ததைப் படித்தேன். வியாபாரிகளுக்குச் சுவாரசியமான கதை ஆஸ்திரேலியாவில் நடந்தது. மெல்போர்னில் கோகன் என்றொரு நிறுவனம் எலெக்ட்ரானிக் சாமான்களை இணையத்தில் விற்கிறது. 2012 ஜூனில் அவர்கள் ஒரு புது வரி போட்டார்கள். எக்ஸ்ப்ளோரர் ஏழாம் பதிப்பில் வந்து சாமான் வாங்கினால் விலையோடு 6.8 சதவீதம் கூடுதல்! அந்தப் பதிப்பு வெளிவந்து எத்தனை மாதம் ஆயிற்றோ, மாதத்துக்கு 0.1 வீதம் கணக்கு. காரணமும் சொன்னார்கள். அந்த ஒரு பழைய பிரவுசருக்காகத் தளத்தைச் சரிக்கட்ட ஆகிற வேலை, மற்ற எல்லா பிரவுசருக்கும் சேர்த்து ஆகிற வேலைக்குச் சமமாம். அதில் வருகிறவர்களோ நூற்றுக்கு மூன்று பேர்தானாம். வேறு பிரவுசருக்கு மாறிக்கொண்டால் வரி இல்லை.

இதைப் படித்துச் சிரித்தேன். கெட்டிக்கார விளம்பரம்; காசு செலவில்லாமல் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் பெயர் வந்துவிட்டது. அவர்கள் சொன்ன கணக்கும் பொய்யில்லை. பழையதைத் தாங்கிப் பிடிக்க ஆகிற செலவு, கடைசியில் எல்லா வாடிக்கையாளர் தலையிலும்தான் விழுகிறது. ஆனால் அது முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு ஒரு முறை டி.வி. விற்கிற வியாபாரம். நம்முடையது அப்படியா? வாரம் இரண்டு முறை மூட்டை எடுக்கிற, மூன்று தலைமுறையாகப் பற்றுவரவு வைத்திருக்கிற கடைக்காரரிடம் "உன் கம்ப்யூட்டர் பழசு, ஆறே முக்கால் சதவீதம் கூடப் போட்டிருக்கிறேன்" என்று பில் போட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் அவர் வண்டி எதிர் மண்டி வாசலில் நிற்கும்.

வேறொரு வழியில் சென்றவர்கள் யூடியூப்காரர்கள். 2009-ல் எக்ஸ்ப்ளோரர் ஆறாம் பதிப்பால் அவர்களுக்குப் பெரிய தலைவலி. அங்கே வேலை பார்த்த சில பொறியாளர்கள் மேலிடத்தைக் கேட்காமலே ஒரு சிறிய அறிவிப்பைத் தளத்தின் மேலே வைத்தார்கள். உங்கள் பிரவுசருக்கு ஆதரவு விரைவில் நிற்கப் போகிறது, கீழே உள்ளவற்றில் ஒன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்ற அளவில் அறிவிப்பு. அவர்களில் ஒருவர் பத்து வருடம் கழித்து, 2019-ல், அந்தக் கதையை எழுதினார். அப்போது யூடியூப் பார்த்தவர்களில் சுமார் 18 சதவீதம் பேர் அந்தப் பழைய பதிப்பில் இருந்தார்களாம். அறிவிப்பு வைத்த ஒரே மாதத்தில் அது பாதியாகக் குறைந்துவிட்டதாம். யாரையும் வெளியே தள்ளவில்லை, வரி போடவில்லை. எழுதி மட்டும் வைத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் நார்வே நாட்டில் பின் என்ற வரி விளம்பரத் தளம் இப்படியே அறிவிப்பு வைத்தது. அந்நாட்டின் மற்றத் தளங்களும் சேர்ந்துகொண்டன. மைக்ரோசாப்ட் நிறுவனமே 2011-ல் தன்னுடைய ஆறாம் பதிப்பை விட்டுவிடும்படி உலகத்தைக் கேட்டுக்கொண்டது. விற்றவனே "வேண்டாம், தூக்கி எறி" என்று சொன்ன சரக்கு அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த ஆறாம் பதிப்பு ஏன் அவ்வளவு நாள் ஒட்டிக்கொண்டது என்பதும் வியாபாரிகள் அறிய வேண்டியது. 1995-ல் நெட்ஸ்கேப் என்ற கம்பெனியின் பிரவுசர் கொடி கட்டிப் பறந்தது. மைக்ரோசாப்ட் தன் விண்டோசோடு எக்ஸ்ப்ளோரரை இலவசமாகச் சேர்த்துக் கொடுத்தது. நெட்ஸ்கேப் படுத்துவிட்டது. அமெரிக்க அரசு 1998-ல் மைக்ரோசாப்ட் மேல் வழக்குப் போட்டும் நெட்ஸ்கேப் பிழைக்கவில்லை. பிறகு என்ன ஆயிற்று? 2001-ல் ஆறாம் பதிப்பை வெளியிட்ட மைக்ரோசாப்ட், ஏழாம் பதிப்பை 2006-ல்தான் கொண்டு வந்தது. ஐந்து வருடம்! ஊருக்கு ஒரே கடை என்றால் அரிசியில் கல் பொறுக்க யார் மெனக்கெடுவார்கள்? 2004-ல் பயர்பாக்ஸ் வந்தது, 2008-ல் குரோம் வந்தது. அதன் பிறகுதான் இந்தத் துறையில் சரக்குத் தரம் ஏறியது.

இப்போது குரோம் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சில தளங்களில் "குரோமில் மட்டும் திறக்கவும்" என்று எழுதுகிறார்கள். இது சரியில்லை. ஒரே பிரவுசரை நம்பிக் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தென் கொரியா சாட்சி. அங்கே 1990-களின் இறுதியில் பாங்குப் பணிக்கென்று சொந்தமாக ஒரு பூட்டு முறை செய்தார்கள். அது எக்ஸ்ப்ளோரருக்குள் மட்டுமே ஓடுகிற ஆக்டிவ்-எக்ஸ் என்ற ஒட்டு மென்பொருளில் இயங்கியது. இணையத்தில் பெரிய தொகைக்குச் சாமான் வாங்க அரசு அங்கீகரித்த சான்றிதழ் வேண்டும் என்று விதியும் இருந்தது. இருபது வருடம் நாடே அந்த நீல 'இ'யோடு கட்டுண்டு கிடந்தது. 2014-ல் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடர் சீனாவில் பெரும் வெற்றி பெற்றது. கதாநாயகி போட்டிருந்த கோட்டு வேண்டும் என்று சீனர்கள் கொரியக் கடைகளின் தளங்களுக்கு வந்தார்கள். வாங்க முடியவில்லை! ஆக்டிவ்-எக்சும் சான்றிதழும் கேட்டது தளம். வாடிக்கையாளர் கையில் பணத்தோடு வாசலில் நிற்கிறார், கடைக்காரருக்குக் கதவைத் திறக்க வழியில்லை. அந்நாட்டு அதிபரே அரசுக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேச வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே கட்டாயம் தளர்ந்தது. அங்கீகாரச் சான்றிதழ் முறை முழுவதும் ஒழிய 2020 டிசம்பர் ஆயிற்று.

நம் பக்கத்துக் கடைகளின் நிலைமைக்கு வருவோம். பழைய பிரவுசரை வைத்திருக்கிறவர்கள் யாரும் பிடிவாதத்தால் வைத்திருக்கவில்லை. பில் போடும் மென்பொருள் விண்டோஸ் 7-ல் ஓடுகிறது, அதோடு பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விண்டோசை மாற்றினால் அந்த மென்பொருள்காரர் மறுபடி காசு கேட்பார். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14-ல் கை கழுவிவிட்டது. அதில் ஓடக்கூடிய கடைசிக் குரோம் 109-ம் பதிப்பு. அது 2023 ஜனவரியில் வந்தது. அதன் பின் அதில் எத்தனை முறை புதுப்பிக்கச் சொன்னாலும் நகராது. பயர்பாக்ஸ் மட்டும் தன் 115-ம் பதிப்பை அப்படிப்பட்ட கம்ப்யூட்டர்களுக்காகத் தவணை தவணையாக நீட்டிக் கொடுத்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ல் பொது ஆதரவு முடிந்தது. ஆனாலும் அதில் எட்ஜ் பிரவுசரை 2028 அக்டோபர் வரையாவது புதுப்பித்துத் தருவதாக மைக்ரோசாப்ட் சொல்லியிருப்பதால், பிரவுசர் வரைக்கும் அவர்கள் பதற வேண்டியதில்லை. போனிலும் இதே கதைதான். ஆண்ட்ராய்டு 8, 9 உள்ள போன்களுக்குக் குரோம் 138-ம் பதிப்போடு சரி.

என் யோசனை எளிது. பில் போடுகிற பழைய கம்ப்யூட்டர் பில் மட்டும் போடட்டும். அதிலிருந்து நெட் இணைப்பைக் கழற்றிவிடுங்கள். பாங்கு, ஜி.எஸ்.டி., இ-வே பில், ஆர்டர் இவற்றை இன்னொரு கம்ப்யூட்டரிலோ நல்ல போனிலோ பாருங்கள். கல்லாப் பெட்டியை வாசலில் வைக்கக் கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரவுசருக்கு எந்தக் கம்பெனியும் காசு வாங்குவதில்லை. மாற்றித் தருகிறேன் என்று வந்து பிரவுசருக்கு ஐந்நூறு கேட்கிறவரை நம்பாதீர்கள். அவர் கூலி கேட்டால் அது வேறு. மாற்றும் முன் பழையதில் சேமித்திருக்கும் பாஸ்வேர்டுகளையும் பக்க முகவரிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். 11-ம் தேதிக்கும் 20-ம் தேதிக்கும் நடுவில் இந்த வேலையில் இறங்கவே இறங்காதீர்கள். ரிட்டர்ன் போட்டு முடித்து, 21-க்கு மேல் நிதானமாகச் செய்யுங்கள்.

இனி, இணையதளம் வைத்திருக்கும் மொத்த வியாபாரிகளுக்கு. 1957 ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது நடந்ததை என் தகப்பனார் அடிக்கடி சொல்வார். அணாவும் பைசாவும் பல காலம் சேர்ந்தே ஓடின. ஓர் அணாவுக்கு ஆறு, இரண்டணாவுக்குப் பன்னிரண்டு, மூன்றணாவுக்குப் பத்தொன்பது, நாலணாவுக்கு இருபத்தைந்து என்று அட்டையில் அச்சடித்துக் கடைதோறும் தொங்கவிட்டார்கள். அடுத்த ஆண்டு அக்டோபரில் கிலோ எடை வந்தபோதும் வீசைக் கல்லை ஒரே நாளில் பிடுங்கவில்லை. தவணை கொடுத்தார்கள், சொல்லிக் கொடுத்தார்கள், தவணை முடிந்ததும் கண்டிப்பாக நிறுத்தினார்கள். இந்த மூன்றாவதையும் சேர்த்தே சொல்கிறேன். வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது என்று காலமெல்லாம் பழைய பூட்டை வைத்துக்கொண்டால், ஒரு நாள் அவருடைய கணக்கும் நம்முடைய கணக்கும் சேர்ந்து களவு போகும்.

அறிவிப்பைத் தமிழில் எழுதுங்கள். நான் கணக்கு வைத்திருக்கும் ஒரு பாங்கின் தளத்தில் ஆறு வரி ஆங்கிலத்தில், எறும்பு சைஸ் எழுத்தில் எழுதி, கீழே "சரி" என்று ஒரு பொத்தான் வைத்திருந்தார்கள். பொத்தானை அழுத்தியவர்கள் எல்லோரும் படித்தவர்கள் என்று அவர்கள் கணக்கு. பிறகு ஒரு திங்கட்கிழமை காலை கதவைச் சாத்தினார்கள். அன்று சரக்குக்குப் பணம் அனுப்ப முடியாமல் கிளையில் வரிசையில் நின்றவர்களில் எனக்குத் தெரிந்த கடைக்காரர்களே நாலைந்து பேர். "உங்கள் பிரவுசர் பழையது. இன்ன தேதிக்குப் பிறகு இதில் ஆர்டர் போட முடியாது. போனில் சொன்னால் எடுத்துக்கொள்வோம்" என்று பெரிய எழுத்தில் மூன்று வரி போதும். தேதி கட்டாயம் இருக்க வேண்டும். "விரைவில்" என்று எழுதினால் நம் ஆட்கள் யாரும் அசைய மாட்டார்கள். கடன் பாக்கி வசூலில் நாம் அறியாததா?

இந்த அறிவிப்பில் "இங்கே அழுத்திப் புதுப்பிக்கவும்" என்ற இணைப்பை வைக்க வேண்டாம் என்பது என் பிடிவாதமான கருத்து. 2009-ல் யூடியூப் வைத்தது சரி. இப்போது திருடர்கள் அதே வேஷத்தில் வருகிறார்கள். "உங்கள் பிரவுசர் காலாவதி, உடனே அப்டேட் செய்க" என்று பொய்ப் பலகை காட்டி, அழுத்தியதும் திருட்டு மென்பொருளை இறக்கிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் அப்டேட் என்று கோப்பு அனுப்புகிறார்கள். நாமும் அதே மாதிரி இணைப்பு வைத்தால், எங்கே கண்டாலும் அழுத்தலாம் என்று நம் கடைக்காரர்களைப் பழக்கியவர்கள் ஆவோம். பிரவுசருக்குள்ளேயே போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் குரோம் என்றால் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் உதவி, அதில் குரோமைப் பற்றி என்ற வரி. அங்கே போனாலே அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். போனில் என்றால் பிளே ஸ்டோருக்குள் போய்த்தான் செய்ய வேண்டும். வேறு எந்த வழியில் யார் அனுப்பினாலும் தொடக் கூடாது.

எங்கள் மண்டியில் மூன்று மாதத் தவணை என்று முடிவு செய்து, அறிவிப்பைப் போன மாதக் கடைசியில் வைத்திருக்கிறோம். அதையே பில்லின் அடியிலும் அச்சடிக்கிறோம். மூட்டை இறக்கப் போகும் பையன்களிடமும் சொல்லி அனுப்புகிறோம். திரையில் படிக்காததை அவர்கள் வாயால் கேட்டுக்கொள்கிறார்கள். இதுவரை பதினோரு பேர் மாறியிருக்கிறார்கள், ஆறு பேர் பாக்கி. தவணை முடிந்த பிறகும் அந்த ஆறில் யாராவது மிஞ்சினால் பழையபடி போனில் ஆர்டர் எடுத்துச் சிட்டையில் எழுதிக்கொள்வோம். பாங்குகளும் வரி அலுவலகத் தளங்களும் இப்படித் தேதி குறித்து, தமிழில், முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று நம் சங்கத்தின் பெயரில் ஒரு மனு கொடுக்கலாம். அடுத்த செயற்குழுவில் இதைப் பேச எனக்கு நேரம் ஒதுக்கும்படி செயலாளரைக் கேட்டிருக்கிறேன்.